தொட்டிலும் தூரிகையும்

சோழவரம் ஏரியைத் தாண்டி வடக்கே நீளும் பெருஞ்சாலையிலே ஒரு நாழிகை நின்று பாருங்கள், தோழர்களே! ஒருபுறம், சென்னை மாநகரின் விடாய் தீர்க்கத் தேக்கிவைத்த நீர். மறுபுறம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நோக்கி இரவென்றும் பகலென்றும் பாராது ஓடும் லாரிகள். சாலையை விட்டிறங்கித் திருவள்ளூர் வட்டாரத்தின் உட்புறம் நடந்தால், செங்கற்சூளைகள். அங்கே ஒரு தாய் மண்ணைப் பிசைந்து அச்சிலிட்டுக் கல் அறுக்கிறாள். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவளாக இருக்கலாம். நம் ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம். சற்றுத் தள்ளி, வேப்பங்கிளையிலே ஒரு பழஞ்சேலை தொங்குகிறது. அந்தத் தூளிக்குள்ளே ஒரு குழந்தை உறங்குகிறது. பத்துக் கல் அறுப்பாள், ஒருமுறை நிமிர்ந்து தூளியைப் பார்ப்பாள், மீண்டும் குனிவாள்.

அந்த ஒரு பார்வைக்கு மதிப்பு உண்டா? அதைத் துணியிலே பிடித்து, வண்ணத்திலே நிறுத்தி, ‘இதுவும் காணத்தக்க காட்சி, இதுவும் கலைக்கு உரிய பொருள்’ என்று உலகுக்குச் சொன்னவர் உண்டா?

உண்டு. சூளையிலே அல்ல, வசதி படைத்தோர் வீட்டிலே. சேலைத் தூளியருகே அல்ல, மெல்லிய வலைத்திரை தொங்கும் தொட்டிலருகே. ஆயினும், அந்தப் பார்வையைப் பிடித்தாள் ஒருத்தி. 1872-ஆம் ஆண்டு, பாரிசு நகரிலே. அவள் பெயர் பெர்த் மொரிசோ. எண்ணெய் வண்ணத்தில் அவள் தீட்டிய ஓவியத்தின் பெயர், ‘தொட்டில்’.

பெரிய படமல்ல அது. உயரம் 56 செண்டிமீட்டர்; அகலம் 46. ஒருவர் கையிலே ஏந்திக்கொண்டு போகலாம். படத்தின் இடப்புறம் ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். இடக்கையை மடித்துக் கன்னத்திலே ஊன்றியிருக்கிறாள். வலப்புறம் தொட்டில், அதன்மேல் வெண்மையான வலைத்திரை. திரைக்கு உள்ளே, கண்மூடி, ஒரு கையை மடக்கித் தூங்குகிறது குழந்தை. தாயின் மடித்த கையும் குழந்தையின் மடங்கிய கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்ததுபோல் அமைந்திருக்கின்றன. தாயின் கண்ணிலிருந்து குழந்தையின் மூடிய இமைவரை ஒரு கோடு சரிந்து இறங்குகிறது; நம் கண் அந்தக் கோட்டின் வழியேதான் படத்துக்குள் போகிறது. தாயின் மறுகை வலைத்திரையை இழுத்து, நமக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு மறைப்பு வைக்கிறது. ‘பார்க்கலாம், தொடக்கூடாது’ என்று சொல்லாமற் சொல்கிறது அந்தக் கை.

இவ்வளவுதான் படம். வானத்திலிருந்து பூமாரி பெய்யவில்லை. தேவர்கள் தெரியவில்லை. குழந்தையின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை.

இல்லாத அந்த ஒளிவட்டத்தைத்தான் நாம் முதலிலே பார்க்கவேண்டும். ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுக் காலம் ஓவியர்கள் தாயையும் சேயையும் தீட்டினார்கள். ஆனால், பெரும்பாலும் அந்தத் தாய் மேரி. அந்தச் சேய் ஏசு. குழந்தையை வரைவதென்றால் கடவுளின் குழந்தையை வரைவது என்றே நெடுங்காலம் ஓவிய உலகம் நினைத்திருந்தது. ஊரிலே பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பெருமை அரிதாகவே கிட்டியது. மொரிசோவின் தொட்டிலிலே கிடப்பதோ கடவுளின் மகன் அல்லன். கப்பற்படை அதிகாரி ஒருவரின் மகள். பெயர் பிளான்ஷ். ஆண்டு முதிராத பெண் குழந்தை. வழிபடுவதற்காக அல்ல, வெறுமனே பார்ப்பதற்காக ஒரு பெண் குழந்தை! வழிபாட்டுக்கும் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். வழிபடுகிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான். பார்க்கிறவன் திறந்து வைத்துக்கொள்கிறான்.

இனி, அந்தத் தாயின் முகத்துக்கு வருவோம். ‘தாய்மையின் பேரின்பம்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அன்பு இருக்கிறது அந்த முகத்திலே. அதோடு களைப்பும் இருக்கிறது. நெடுந்தொலைவு சென்று மீண்ட ஏதோ ஓர் எண்ணமும் இருக்கிறது. அது யாருடைய முகம் என்று தெரிந்தால், எண்ணமும் விளங்கும்.

அவள் ஓவியரின் அக்காள், எட்மா. அவளும் ஓர் ஓவியர்! இரு சகோதரிகளும் ஒன்றாகவே ஓவியம் பயின்றார்கள். அரசின் கலைப்பள்ளிக் கதவு பெண்களுக்கு 1897 வரையிலே திறக்கவில்லை. ஆகவே தனி ஆசிரியரிடம் பயின்றார்கள். லூவர் காட்சிக்கூடத்திலே பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினார்கள். கொரோ என்னும் பேரோவியரிடம் பாடம் கேட்டார்கள். அவர்களுக்குத் தொடக்கத்தில் கற்பித்த கிஷார் என்பவர், ‘உங்கள் பெண்கள் பொழுதுபோக்குக்கு வரைகிறவர்களாக நிற்கமாட்டார்கள், உண்மையாகவே ஓவியர்களாகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பேரிடி’ என்ற கருத்துப்பட அவர்களின் தாயை எச்சரித்தாராம். ‘பெண்ணுக்குத் திறமை இல்லை’ என்று சொல்லித் தடுப்பது ஒருவகை. ‘திறமை இருக்கிறதே, ஐயோ!’ என்று அஞ்சுவது மற்றொரு வகை. இரண்டாவது வகை நாகரிகமானது, விளைவு ஒன்றே.

1864-இல் இரு சகோதரிகளின் படங்களும் பாரிசின் பெருங்காட்சியிலே இடம்பெற்றன. தங்கை ஓவியப் பலகையின் முன் நின்று வரையும் காட்சியை எட்மா தீட்டிய படம் ஒன்றும் உண்டு. 1869-இல் எட்மாவுக்குத் திருமணம். கணவனின் பணியிடமான துறைமுக நகருக்குப் போனாள். தூரிகை கீழே விழுந்தது. அங்கிருந்து தங்கைக்கு எழுதிய கடிதங்களிலே, தன் நினைவெல்லாம் தங்கையின் ஓவிய அறையையே சுற்றிக்கொண்டிருப்பதாக ஏங்கினாள்.

மூன்றாண்டுக்குப் பின், மணமாகாத தங்கை தூரிகையோடு நிற்கிறாள். மணமான அக்காள் தொட்டிலருகே அமர்ந்திருக்கிறாள். ஓவியம் தீட்டிய ஒரு கை, ஓவியத்திலே தீட்டப்பட்ட ஒரு கை! இப்போது பாருங்கள் அந்த முகத்தை. குழந்தையை நேசிக்காத தாயல்ல அவள். ஆனால், ‘குழந்தையா, தூரிகையா?’ என்று அவளைக் கேட்ட உலகம், அவள் கணவனிடம் ‘குழந்தையா, கப்பலா?’ என்று கேட்கவில்லை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று பெரியார் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று, வலைத்திரையின் ஓரத்திலே, வன்சொல் ஒன்றுமின்றி அமர்ந்திருக்கிறது.

1874 ஏப்ரலில் இந்தப் படம் மக்கள் பார்வைக்கு வந்தது. அரசு சார்ந்த காட்சியிலே அல்ல. அந்தக் காட்சியின் நடுவர் குழு கலைஞர்களை ஆட்டிவைத்ததை வெறுத்து, ஏறத்தாழ 30 கலைஞர்கள் ஒன்றுகூடி, ஒரு நிழற்படக் கலைஞரின் பழைய கூடத்திலே தாமே நடத்திய காட்சியில். ஓவியர்களிடையே ஒரே பெண்ணாக நின்றாள் மொரிசோ. காட்சியைப் பார்த்த இதழாளர் ஒருவர் இவர்களை ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று ஏளனம் செய்தார். ஏளனமாகச் சூட்டிய பெயரே பின்னாளில் அவர்களின் கொடியாயிற்று. ‘கருப்புச் சட்டைக்காரன்’ என்று இகழப்பட்ட நமக்கு இது புதிய செய்தியா? ‘தொட்டில்’ படத்தையோ அன்று கவனித்தவர் சிலரே. விற்கவும் முயன்றார்கள், விலைபோகவில்லை. குடும்பத்தாரிடமே தங்கியிருந்த அந்தப் படத்தை 1930-இல் லூவர் வாங்கியது. இன்று அது பாரிசிலுள்ள ஓர்சே காட்சிக்கூடத்தின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று.

அந்தத் தங்கையின் முடிவையும் சொல்லவேண்டும். 1874-இலேயே அவள் மணந்துகொண்டாள். 1878-இல் ஒரு மகளைப் பெற்றாள். ஆனால், தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1895-இல் மறைந்தாள். நூற்றுக்கணக்கில் ஓவியம் தீட்டியவளின் இறப்புப் பதிவிலே எழுதினார்கள், ‘தொழில் இல்லை’ என்று! கல்லறையிலே பொறித்தார்கள், இன்னாரின் கைம்பெண் என்று! தொழில் இல்லையாம். சூளையிலே கல் அறுப்பவளைக் கணவனின் கணக்கிலே சேர்த்து, அவளுக்கெனத் தனிக்கூலி எழுதாமல் விடும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. நாடு வேறு, நூற்றாண்டு வேறு, பேனா ஒன்றுதான்.

இந்தப் படத்திலே குறையே இல்லையா? உண்டு. திறனாய்வு என்றால் தேங்காய் உடைப்பதல்ல. வலைத்திரை தொங்கும் தொட்டில், உழைப்பாளி வீட்டுத் தொட்டில் அல்ல. அந்தக் காலத்துப் பாரிசிலே பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள், பால்கொடுக்கும் கூலித் தாய்மாரிடம் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டன. தாய் பட்டறைக்குப் போகவேண்டும். குழந்தை கூலிப் பாலுக்குப் போகவேண்டும். பெருந்தொகையில் அவை மடிந்தன. அந்தக் குழந்தைகளைக் காக்கப் பிரெஞ்சு நாட்டிலே ரூசெல் சட்டம் வந்தது 1874 டிசம்பரில். ‘தொட்டில்’ காட்சிக்கு வந்த அதே ஆண்டு! தாயின் கண்ணெதிரே உறங்கும் குழந்தை ஒருபுறம். தாய் முகமே காணாத குழந்தை மறுபுறம். மொரிசோவின் திரை இரண்டாவது குழந்தையையும் மறைத்துவிட்டது. அவள் தன் வீட்டிலே கண்டதைத் தீட்டினாள், பொய் தீட்டவில்லை. ஆனால், கண்டதின் எல்லை அவ்வளவே.

அயல்நாட்டுப் படத்தை இவ்வளவு பேசுவானேன், நம் நாட்டிலே எண்ணெய் ஓவியம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ‘தொட்டில்’ தீட்டப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1873-இல், சென்னைக் கலைக்காட்சியிலே முதற்பரிசு வாங்கினார் திருவிதாங்கூர் நாட்டு இரவி வர்மா. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண் ஒருத்தியின் படம் அது. அவரது கைத்திறனை யாரும் மறுக்கமுடியாது. பட்டின் பளபளப்பையும் நகையின் மினுமினுப்பையும் மனித மேனியின் நிறத்தையும் எண்ணெய் வண்ணத்திலே கொண்டுவந்த பேராற்றல் அவருடையது.

1893-இல் அவர் ஒரு தாயையும் குழந்தையையும் தீட்டினார். ‘அதோ, அப்பா வருகிறார்!’ என்பது படத்தின் பெயர். அந்த ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் போன அவரது பத்துப் படங்களில் அதுவும் ஒன்று. தாய்க்கு மாதிரியாக நின்றவர் அவர் மகளே. இடுப்பிலே குழந்தையோடு தாய் நிற்கிறாள். தாய் படத்துக்கு வெளியே பார்க்கிறாள். குழந்தையையும் அங்கே பார்க்கச் செய்கிறாள். காலடியிலே நிற்கும் நாய்கூட அங்கேதான் பார்க்கிறது. அப்பா வருகிறாராம்! படத்திலேயே இல்லாத ஓர் ஆண்மகன், படம் முழுவதையும் ஆட்சி செய்கிறான். மொரிசோவின் படத்திலே யாரும் வரப்போவதில்லை. தாய் வாயிலைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்க்கிறாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு உலகங்கள் விளங்கும்.

அடுத்த ஆண்டு, 1894-இல், பம்பாயிலே அச்சகம் தொடங்கினார் இரவி வர்மா. அங்கிருந்து வெளிவந்த முதல் வண்ணப்படம் எது தெரியுமா? சகுந்தலையின் பிறப்பு! மேனகை பெண் குழந்தையை ஏந்தி நீட்டுகிறாள். விசுவாமித்திர முனிவர் கையை உயர்த்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ‘வேண்டாம்’ என்கிறது அந்தக் கை. பெற்ற குழந்தையை மறுத்த மனிதனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? புராணம் அவரை மகரிஷி என்கிறது. ஓவியம் அந்த மறுப்புக்குக் கம்பீரம் கொடுக்கிறது. அச்சகம் அதைப் பல படிகளாக்கி வீட்டுக்கு வீடு சுவரிலே மாட்டியது.

அதன்பின் வந்தது படவெள்ளம். இலக்குமி, சரசுவதி, வெண்ணெய் உண்ணும் கண்ணன்! பம்பாயிலே தொடங்கியது, கோவில்பட்டி ஓவியர்களின் கைவண்ணத்திலும் சிவகாசி அச்சகங்களிலும் வளர்ந்து, நாட்காட்டியாக நம் சுவருக்கு வந்தது. ‘கோயிலுக்குள் விடப்படாதவன் வீட்டுக்கும் கடவுள் வந்துவிட்டாரே, அது சமத்துவம் அல்லவா?’ என்பாரும் உண்டு. கடவுள் காகிதத்திலே வெளியே வந்தார், உண்மை. கோயிற்கதவோ அதனால் திறக்கவில்லை, அதுவும் உண்மை. அந்த நாட்காட்டிகளிலே தவழ்ந்த குழந்தை எப்போதும் கண்ணன்தான். கண்ணம்மா தவழவில்லை, கருப்பாயி தவழவில்லை.

இலக்கியத்திலும் இதே கதை. பிள்ளைத்தமிழ் பாடினார்கள் நம் புலவர்கள். தாலப் பருவம் என்று ஒரு பருவமே வைத்தார்கள். தொட்டிலிலே கிடந்தது தெய்வம், அல்லது வேந்தன், அல்லது பெரியோன். ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பாட்டு எழுதியவர், எழுதப் படிக்கத் தெரியாத அதன் தாய்தான். பாரதிதாசன் ஆண் குழந்தைக்குத் தாலாட்டு எழுதியதோடு நில்லாமல், பெண் குழந்தைக்கும் தனித் தாலாட்டு எழுதினார். அது பாட்டு மட்டுமல்ல, ஒரு திருத்தம்.

தொட்டிலை நாம் மதிக்காத மக்கள் அல்லர். பிள்ளைவரம் கேட்டுக் கோயில் மரத்திலே சிறு மரத்தொட்டில் கட்டுகிறோம். கண்ணன் பிறந்த நாளிலே பொம்மையைத் தொட்டிலிலிட்டு ஆட்டுகிறோம். வெறுந்தொட்டிலுக்கு வழிபாடு! பொம்மைக்குத் தாலாட்டு! இத்தனை தொட்டில் கட்டிய நாட்டிலே 1992-இல் என்ன நடந்தது? பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் ஊற்றும் கொடுமையைத் தடுக்க, ‘கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் இங்கே விட்டுச் செல்லுங்கள்’ என்று அரசே சேலம் மாவட்டத்திலே தொட்டில் வைக்கவேண்டி வந்தது! முனிவரின் உயர்த்திய கை, நூறாண்டு கழித்தும் இறங்கவில்லை. மரத்திலே கட்டிய தொட்டில்கள் எல்லாம் கேட்டது ஆண் பிள்ளையை. அரசுத் தொட்டிலிலே வந்து விழுந்தது பெண் பிள்ளை. குழந்தையை வணங்கத் தெரிந்த நாடு, குழந்தையைப் பார்க்கத் தெரியாத நாடாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மனம் தளரவேண்டியதில்லை, தோழர்களே! சோழவரமும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேதான், 1929-இல், முதலாவது சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்கும் சொத்திலே சமவுரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. சிரித்தார்கள். அறுபதாண்டு கழித்து, 1989-இல், தமிழகத்திலே அது சட்டமாயிற்று. ஆயிரம் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவை எத்தனை என்று கணக்கெடுக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்தியா முழுமைக்கும் 28, தமிழ்நாட்டுக்கு 13. இதைக் குறைத்தது மரத்தொட்டில் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையமும், கிராமச் செவிலியரும், தடுப்பூசியும், தாய்க்குக் கிடைத்த கல்வியும்.

ஆயினும், வேப்பங்கிளைத் தூளி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலையிலே பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் வந்த பேறுகாலச் சட்டத் திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களுக்கு அந்தக் கடமையை விதித்தது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றது. நான்கு பார்வை! சட்டமே எண்ணிக் கொடுத்த பார்வை! அந்த எண்ணிக்கை, வருகைப் பதிவேட்டிலே பெயரே இல்லாத சூளைப் பெண்ணுக்கு எட்டியதா? சூளை முகப்பிலே நின்று கேட்கவேண்டிய கேள்வி இது, கேட்கவேண்டியவர்கள் நாம்.

கலைஞர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. 1850 முதல் ஓவியப் பள்ளி உள்ள நகரம் சென்னை. அப்பள்ளியின் தலைவராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் கடற்கரையிலே நிற்கிறது. நெஞ்சை அள்ளும் சிலை. பாறையைப் புரட்டும் நால்வர். நால்வரும் ஆண்கள். பாறைக்குப் பக்கத்திலே ஒரு தூளி கட்டியிருக்கவேண்டுமே, அது எங்கே? அதைக் கட்டியவள் எங்கே?

மொரிசோவைப் போற்றுவது, அவள் தீட்டிய வலைத்திரையை நாமும் தீட்டுவதால் அல்ல. அவள் தன் வீட்டுத் தொட்டிலைக் கடவுளின் துணையின்றிப் பார்த்ததுபோல, நாம் நம் வீதித் தூளியைப் பார்ப்பதால். நம் ஊர்ப் பள்ளிகளிலே வரையத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். மணமேடை ஏறியதும் அவர்கள் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்காதீர்கள். சூளை வேப்பமரத்தின் தூளியை என்றேனும் தீட்டப்போகிறவள் அவர்களில் ஒருத்தியே. ஏன், அந்தத் தூளிக்குள் இன்று உறங்கும் பெண் குழந்தையாகவே அவள் இருக்கலாம். அவள் விழிக்கும்போது, அவளுக்குப் பள்ளியும் இருக்கவேண்டும், பலகையும் இருக்கவேண்டும், ‘தொழில்’ என்ற இடத்திலே ‘ஓவியர்’ என்று எழுதும் பேனாவும் இருக்கவேண்டும்.